பதினோராம் குழாய்

நீரைப் பார்க்க முடியாது.
ஊதித்தான் கேட்க வேண்டும்.

ரப்பர் குழலின் ஒரு முனை என் உதட்டில்.
மறுமுனையை, தரையில் நட்ட பிளாஸ்டிக் குழாய்க்குள்
ஊதிக்கொண்டே இறக்குகிறேன்.
வெறும் காற்று, வெறும் காற்று,
பிறகு ஒரு குளுக்.
அந்த இடத்தை விரலால் பிடித்து
அளவுகோலில் நீட்டினால்
நாற்பத்தொன்று.
உல்லே எழுதுகிறாள்: நாற்பத்தொன்று.
பென்சில்தான். இந்த மழையில்
மையை நம்ப முடியாது.

எஸ்தோனியாவின் தெற்கே ஹல்லிக் சதுப்பு.
பத்தொன்பது குழாய்கள்,
பதினைந்து நாளுக்கு ஒரு நடை,
முழங்கால்வரை பாசி.
முத்தமிட்டதும் என் கணவர் கேட்பார்:
இன்றைக்குச் சதுப்பா?

அறுபதுகளில் யாரோ
வரைபடத்தின் மேல் ஸ்கேல் வைத்துக்
கோடு இழுத்தார்கள்.
கோடெல்லாம் வாய்க்கால் ஆனது.
நீர் வடிந்தது. பைன் வந்தது, நோஞ்சானாக.
ஆயிரம் ஆயிரம் ஆண்டு
மட்காமல் ஊறிக்கிடந்த பாசி
காற்றுப் பட்டதும் மட்கத் தொடங்கியது.
புகையில்லாமல் எரிந்தது தரை.
எரிந்த அளவு இறங்கியது:
பைன்கள் இப்போது
வேர்க்கால்களை ஊன்றி நிற்கின்றன,
பாவாடையைத் தூக்கிக்கொண்டு
ஓடையைக் கடப்பவர்கள்போல.

அதே கோடுகளை நாங்கள் அடைக்கிறோம்.
ஏழு அணைகள். பலகை, மண்,
மேலே பாசிப் பத்தை.
ஏன் ஏழு, ஏன் அங்கே என்றால்
தார்த்துவில் ஒரு கணினி சொன்னது.
கணினிக்குச் சொன்னது எங்கள் பென்சில்.

ஏரிக் பிஹ்லாக்கிடம் யாரும் கேட்கவில்லை.
சதுப்பின் ஓரத்தில் அவர் புல்வயல்.
போன ஜூலையில் டிராக்டர்
அச்சுவரை புதைந்தது.
"மாதிரிக் கணக்கின்படி
உங்கள் பக்கம் நீர் வராது," என்றாள் உல்லே.
"அப்படியானால் அந்தக் கணக்கையே வந்து
வண்டியை இழுக்கச் சொல்."

ஆகஸ்டில் பதினோராம் குழாயைக் காணோம்.
ஓட்டை மட்டும். சுற்றிலும் பூட்ஸ் தடம்.

அட்டவணையில் ஒரு கட்டம் காலி.
நிரப்ப வழி உண்டு:
பத்தையும் பன்னிரண்டையும் கேட்டு
நடுவில் ஒன்றை ஊகிக்கலாம்.
எல்லோரும் செய்வதுதான்.
உல்லே ஒரு கோடு போட்டாள்.
கோடு என்றால் தெரியாது.

செப்டம்பரில் குழாய் திரும்பியிருந்தது,
தலைகீழாக.
மூடி அடியில், துளைகள் தரைக்கு மேலே.
ஊதினேன். அடிவரைக்கும் காற்று.
நாடே நனைந்து கிடக்க
அங்கே மட்டும் ஒரு வறட்சி.
சிரித்துக்கொண்டே பிடுங்கினோம்.
உள்ளே பாலித்தீன் பை,
பைக்குள் பால் கூட்டுறவின் ரசீது,
ரசீதின் முதுகில் பன்னிரண்டு தேதிகள்,
பன்னிரண்டு எண்கள்.
வயல் நடுவே குழி வெட்டி
மண்வெட்டிக் காம்பால் அளந்தது.
கீழே: *அளவு, என் விரல்.*

வெர்னியர் காலிப்பரோடு
அவர் கதவைத் தட்டினாள் உல்லே.
மன்னிப்பு யாரும் கேட்கவில்லை, எந்தப் பக்கமும்.
கையை மேசைமேல் வைத்தார்.
சுட்டுவிரல்:
ஒன்று புள்ளி ஒன்பது சென்டிமீட்டர்.

பெருக்கினோம். கோட்டில் வைத்துப் பார்த்தோம்.
ஐந்தாம் அணை நிறையும்போதெல்லாம்
இரண்டே நாளில் அவர் குழியும் நிறைகிறது.
தோண்டினால், அடியில்
சுட்ட களிமண் வடிகுழாய்,
எந்த வரைபடத்துக்கும் தெரியாமல்
அரை நூற்றாண்டாக
எதிர்த்திசையில் வேலை செய்துகொண்டு.

குழு கூடியது. இரண்டு மணி நேரம், மூன்று காபி.
முடிவு: வடிகுழாயை அடைப்பது,
அதுவரை ஐந்தாம் அணையை
ஒரு சாண் தாழ்த்துவது.
ஒரு சாண் நீர் போனால்
எத்தனை டன் கரி காற்றில் ஏறும் என்று
உல்லேவுக்குத் தெரியும்.
சொன்னாள். பிறகு கை தூக்கினாள்.

அறிக்கையின் நாற்பதாம் பக்கத்தில்,
அடிக்குறிப்பில்,
ஒரு விரல் = 1.9 செ.மீ. (ஏ. பிஹ்லாக்).
அதை நீக்கச் சொன்னார் மதிப்பீட்டாளர்.
நீக்கவில்லை.

இது மே.
மூன்றாம் அணையின் பலகை இடுக்கில் அழுகண்ணி,
ஒரு கொசுவோடு.
பதினோராம் குழாயில் குளுக், பதினெட்டில்.
போன ஆண்டு இதே வாரம் முப்பத்தி இரண்டு.
ஆனால் நீர் மட்டுமா ஏறியது?
குழாயின் கால் அடியிலிருக்கும் களிமண்ணில்.
அது அசையாது.
அதைச் சுற்றித் தரை உப்பியிருக்கிறது,
மூன்று சென்டிமீட்டர்.
வெளியே தெரியும் குழாய் அவ்வளவு குட்டை.

அதையும் எழுதிக்கொள், உல்லே.
இல்லை, இரு,
இன்னொருமுறை ஊதுகிறேன்.